வலை அறுந்த வீட்டுக்கு ஒரு பதில்

வடமராட்சிக் கரையிலிருந்து ஒரு தங்கை கேட்ட கேள்விக்கான பதில் இது. அவர் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன். கணவருக்குக் கடற்றொழில். மாசி மாதம் ஒரே இரவில் விரித்த வலை அத்தனையையும் இந்திய இழுவைப் படகுகள் அறுத்துக்கொண்டு போய்விட்டன. புது வலைக்கு ஒரு கடன், அதைக் கட்ட எடுத்த கிழமைக்கடன் இன்னொன்று. தாலிக்கொடி தவிர்ந்த நகையெல்லாம் அடைவில். அம்மா பாரிசவாதத்தில் படுக்கை. மூத்தவளுக்கு அடுத்த வருடம் உயர்தரப் பரீட்சை. கணவர் பின்னேரங்களில் குடிக்கத் தொடங்கியிருக்கிறார். கடைசியில் இப்படி முடித்திருந்தார்: "நம்பிக்கையாய் இரு எண்டு எல்லாரும் சொல்லுகினம் அக்கா. எப்பிடி இருக்கிறது எண்டு ஒருத்தரும் சொல்லித் தரேல்லை. எங்களுக்கு எப்பவும் இப்பிடித்தான். பின்வளவில பனங்கொட்டை குவிஞ்சு கிடக்குது, இந்த முறை கிழங்குப் பாத்தி போடக்கூட மனம் வரேல்லை."

தங்கச்சி, உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். நம்பிக்கையாய் இருங்கள் என்று நானும் சொல்லப் போவதில்லை. இருபது வருடத்துக்கு மேல் உளவளத்துணை வேலை செய்தவள் நான். அந்தச் சொல்லைக் கேட்டு ஒருவர் எழும்பி நடந்ததை நான் கண்டதே கிடையாது. ஏதோ ஒரு சின்ன வேலையைச் செய்து, அது சரிவந்ததைத் தன் கண்ணால் பார்த்த பிறகு முகம் தெளிந்த ஆட்களைத்தான் கண்டிருக்கிறேன். கை முதலில் போகிறது, மனம் பின்னால் வருகிறது. மனம் வந்தபிறகு செய்வோம் என்று இருந்தால் கனகாலம் இருக்க வேண்டிவரும்.

அதற்கு முன்னால் உங்கள் கவலையைப் பற்றிக் கொஞ்சம் கதைக்க வேண்டும். எங்கள் ஊரில் ஒரு சாவு நடந்தால் என்ன செய்கிறோம்? சனம் வருகிறது. பந்தல் போடுகிறது. அயல்வீட்டிலிருந்து சாப்பாடு வருகிறது. கட்டிப்பிடித்து ஒப்பாரி சொல்லி அழுகிறோம். எட்டுச் செலவு, முப்பத்தொராம் நாள் அந்தியேட்டி, வருடம் முடிய ஆட்டைத் திவசம் என்று துக்கத்துக்கு நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள் பழைய ஆட்கள். அந்த நாட்களில் அழுகிறவரை யாரும் 'தைரியமாய் இரு' என்று அதட்டுவதில்லை. போரில் காணாமல் போனவர்களின் வீடுகளில் துயரம் இவ்வளவு வருடமாகியும் ஆறாமல் இருப்பதற்கு ஒரு காரணம், அந்தியேட்டி செய்யவும் முடியாமல், செய்யாமல் இருக்கவும் முடியாமல் அவர்கள் நடுவில் நிற்பதுதான்.

உங்கள் வீட்டில் போனது வலை. வலைக்கு யாரும் பந்தல் போடுவதில்லை. எட்டாம் நாள் வந்து குந்தியிருந்து கதைப்பதில்லை. ஆனால் அந்த வலை உங்கள் வீட்டுச் சோறு, பிள்ளையின் டியூசன் காசு, உங்கள் கணவரின் மரியாதை. அது ஒரு சாவுதான். அதற்காக நீங்கள் இரண்டுபேரும் ஒருநாளாவது சேர்ந்திருந்து அழுதீர்களா? கடிதத்தில் அப்படி ஒரு நாள் வரவில்லை. மாசியில் வலை போனது, பங்குனியில் கடன் எடுத்தது என்று நேரே கணக்குக்குப் போய்விட்டீர்கள். அழாமல் விட்ட துக்கம் வேறு வழியால் வரும். உங்களுக்கு அது நித்திரையில்லாமல் வந்திருக்கிறது, அவருக்குப் போத்தலாய் வந்திருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. துக்கப்பட்டால் நம்பிக்கை போய்விடும் என்று பயப்படாதீர்கள். இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்கக் கூடியவை.

இப்போது நீங்கள் எழுதிய ஒரு வசனத்துக்கு வருகிறேன். 'எங்களுக்கு எப்பவும் இப்பிடித்தான்.' மாட்டின் செலிக்மன் என்ற அமெரிக்க உளவியலாளர், கெட்டது நடந்தால் ஆட்கள் அதற்கு என்ன காரணம் சொல்கிறார்கள் என்று நீண்டகாலம் கவனித்தவர். சீக்கிரம் மனமுடைகிறவர்களின் பேச்சில் மூன்று விதமான காரணங்கள் திரும்பத் திரும்ப வருவதை அவர் கண்டார். எங்கள் தமிழில் அவற்றை மூன்று சொல்லில் அடக்கலாம்: எப்பவும், எல்லாம், என்னால. இது எப்பவும் இப்படித்தான் இருக்கும். இது எல்லாத்தையும் கெடுத்துப்போட்டுது. இது என்னால வந்தது. உங்கள் கடிதத்தில் 'எப்பவும்' நாலு இடத்தில் இருக்கிறது. 'நான் அந்த ரெண்டாம் கடனுக்குக் கையெழுத்து வைச்சிருக்கக் கூடாது' என்பது 'என்னால'.

இந்தச் சொற்களை அழித்துவிட்டு 'எல்லாம் நன்மைக்கே' என்று எழுதச் சொல்லவில்லை. உண்மையை எழுதுங்கள், அளவோடு எழுதுங்கள். வலை அறுந்தது மாசியில், ஒரு இரவில். அறுத்தது உங்கள் கையெழுத்தல்ல, இழுவைமடி. அடித்தள இழுவையை இலங்கை 2017 இலேயே சட்டத்தால் தடைசெய்துவிட்டது, இருந்தும் அக்கரைப் படகுகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. இது வடபகுதிக் கரை முழுவதற்கும் உள்ள துயரம், உங்கள் வீட்டுத் தலையெழுத்து என்று சுருக்கக்கூடாது. ஏழரைச் சனி என்று நம்புகிறவர்கள்கூட ஏழரை வருடம் என்று அதற்கு ஒரு முடிவு வைத்திருக்கிறார்கள். நீங்கள் 'எப்பவும்' என்று எழுதும்போது அந்த முடிவையும் எடுத்துவிடுகிறீர்கள்.

நான் இதைப் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. 1995 ஒக்டோபர் 30, போர் நெருங்கிவர யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் வெளிக்கிட்டது. லட்சக்கணக்கான சனம், மழை, செம்மணி வீதியிலும் நாவற்குழிப் பாலத்திலும் நின்ற இடத்திலிருந்து ஒரு அடி நகர அரைமணித்தியாலம். அன்று மத்தியானம் அம்மா தோசைக்கு உழுந்து ஊறப்போட்டிருந்தா. பாலத்தில் நின்றுகொண்டு, "உழுந்து புளிக்கப் போகுது, நாளையிண்டைக்காவது திரும்பிவிட வேணும்" என்று சொன்னா. எனக்கு இன்றைக்கும் உழுந்து ஊறும் மணம் வந்தால் அந்தப் பாலம்தான் ஞாபகம்.

நாங்கள் தென்மராட்சியில் ஒரு பாடசாலை வகுப்பறையில் இருந்தோம். ஒரு அறைக்குள் ஐந்து குடும்பம், நடுவில் சேலை கட்டி மறைப்பு. அப்பா நல்ல மனிதர், மிகவும் நம்பிக்கைக்காரர். "மார்கழிக்குள் போய்விடலாம்" என்றார். மார்கழி போனது. "தைப்பொங்கல் வீட்டு முற்றத்தில்தான்" என்றார். பொங்கலும் போனது. பிறகு சிவராத்திரி என்றார். ஒவ்வொரு திகதி தவறும்போதும் அவருடைய தோள் கொஞ்சம் இறங்கியதை நான் பார்த்தேன். பங்குனியில் அவர் கதைப்பதையே நிறுத்திவிட்டார்.

அம்மம்மா ஒருநாளும் திகதி சொல்லவில்லை. அவ விடிய எழும்பி எங்கள் பங்குக்குக் கிடைத்த அந்த மூலையைக் கூட்டுவா. ஒரு எண்ணெய்த் தகரத்தில் மண் நிரப்பி வெந்தயம் போட்டா. முகம் கழுவிய தண்ணீரை அதற்கு ஊற்றினா. ஐந்தாறு நாளில் முளைத்தது. ஒரு பிடி கீரையைக் கிள்ளி அஞ்சு குடும்பத்துக் குழம்பிலும் நாலு நாலு இலை போட்டதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் குழம்பு பெரிதாக ருசிக்கவில்லை. ஆனால் அடுத்த நாள் பக்கத்துக் குடும்பத்து அக்கா ஒரு தகரம் தேடிக்கொண்டு திரிந்தா. பிறகு ஒரு ஆசிரியர் கரும்பலகையில் பிள்ளைகளுக்குக் கணக்குப் போடத் தொடங்கினார்.

1996 இல் நாங்கள் திரும்பி வந்தபோது வீட்டுக்கு ஓடும் இல்லை, யன்னலும் இல்லை. அப்பா படலையில் நின்று அழுதார். அம்மம்மா உள்ளே போய்க் கூட்டுமாறு தேடினா. எங்களுக்காவது அரை வருடத்தில் திரும்பக் கிடைத்தது. 1990 இல் போரால் காணியை விட்டு மயிலிட்டிப் பக்கத்திலிருந்து எழும்பிய சனத்துக்கு, அந்தத் துறைமுகம் 2017 இல்தான் திரும்பக் கிடைத்தது. இருபத்தேழு வருடம். முகாமில் பிறந்த பிள்ளைகள் முகாமில் கலியாணம் செய்தார்கள். அந்த முகாம்களில் வேலை செய்த காலத்தில் நான் கண்டதும் இதுவேதான். அடுத்த பொங்கல், அடுத்த தேர்தல், அடுத்த அரசாங்கம் என்று திகதியில் நம்பிக்கையைக் கட்டியவர்கள் வருடத்துக்கு ஒருமுறை உடைந்தார்கள். அன்றன்றைக்குச் செய்யக்கூடிய ஒன்றில் கையை வைத்திருந்தவர்கள் வளைந்தார்கள், முறியவில்லை. அவர்களும் காணிக்கு ஆசைப்பட்டார்கள், காணிக்காக ஊர்வலமும் போனார்கள். விடிய எழும்புவதற்கு மட்டும் அந்தக் காணியை நம்பியிருக்கவில்லை.

ஏன் அப்படி என்பதற்கு விஞ்ஞானத்தில் ஒரு விளக்கம் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த விளக்கம், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். 1967 இல் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் நாய்களை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். கேட்கவே மனம் நோகும் பரிசோதனைதான். சில நாய்களுக்கு மின்னதிர்ச்சியைத் தாங்களே நிறுத்த ஒரு வழி இருந்தது. வேறு சிலவற்றுக்கு என்ன செய்தாலும் நிற்காது. பிறகு இரண்டு கூட்டத்தையும், ஒரு சின்னத் தடுப்பைத் தாண்டினால் தப்பலாம் என்ற இடத்தில் விட்டபோது முதல் கூட்டம் தாண்டியது. இரண்டாம் கூட்டத்தில் பெரும்பாலானவை தாண்ட முயலவே இல்லை, படுத்துவிட்டன. 'இயலாமையைக் கற்றுக்கொண்டன' என்றுதான் உலகம் முழுக்கப் பல வருடம் படிப்பித்தார்கள். நானும் அப்படித்தான் படித்தேன்.

ஆனால் அதே இரண்டுபேரும் கிட்டத்தட்ட ஐம்பது வருடம் கழித்து, 2016 இல், மூளையில் நடப்பதை ஆராய்ந்த பிறகு, நாங்கள் தலைகீழாக விளங்கிக்கொண்டோம் என்று எழுதினார்கள். அடி நீண்டுகொண்டே போனால் ஒடுங்கிப் படுப்பது உடம்பின் இயல்பான பதில், அதை யாரும் கற்கத் தேவையில்லை. கற்கவேண்டியிருப்பது மற்றது: 'நான் ஒன்று செய்தால் ஒன்று மாறுகிறது' என்பது. அப்படி ஒரு அனுபவம் கிடைத்ததும் மூளையின் முன்பகுதி அந்த ஒடுக்கத்தை அடக்கிவைக்கப் பழகிக்கொள்கிறது. பிறகு வேறொரு துன்பம் வந்தாலும் அந்தப் பழக்கம் உதவிக்கு நிற்கிறது.

விளங்குகிறதா தங்கச்சி? பாத்தி போட மனம் வராமல் நீங்கள் குந்தியிருப்பது உங்கள் சோம்பலோ கோழைத்தனமோ இல்லை. எட்டு மாதமாக அடிபட்ட உடம்பு ஒடுங்கியிருக்கிறது. அதை ஏசி எழுப்ப முடியாது. 'செய்தேன், மாறியது' என்ற அனுபவத்தை அதற்குச் சின்னச் சின்னதாக ஊட்ட வேண்டும். அம்மம்மாவின் வெந்தயத் தகரம் அதைத்தான் செய்தது.

பெரிய கனவு காணச் சொல்லும் பேச்சுகளை நான் அவ்வளவு விரும்புவதில்லை. கப்ரியேல் ஒட்டிங்கன் என்ற ஜேர்மன் உளவியலாளர் இதை நன்றாக ஆராய்ந்திருக்கிறார். விரும்பியது கிடைத்துவிட்டதுபோல இன்பமாகக் கற்பனை செய்துகொண்டிருப்பவர்கள், அதை அடைய எடுக்கும் முயற்சியில் குறைந்துபோகிறார்கள். மனம் கற்பனையிலேயே பாதி வயிறு நிரம்பி, இழுபறிப்பட மறுக்கிறது. எங்கள் ஊரில் 'தம்பி கனடா போய்ச் சேர்ந்தால் எல்லாம் சரி' என்று நாலு வருடம் கையைக் கட்டிக்கொண்டிருந்த வீடுகளை எனக்குத் தெரியும். ஒட்டிங்கன் சொல்லும் வழி, வேண்டியதை நினை, உடனே அதற்குக் குறுக்கே நிற்பதையும் நினை, அது வந்தால் என்ன செய்வேன் என்று இப்போதே முடிவுசெய் என்பது. மூத்தவள் பரீட்சையில் சித்தியடைய வேண்டும், குறுக்கே நிற்பது பின்னேரச் சத்தம். சரி, அப்பா குடித்துவிட்டு வந்தால் அவள் கொப்பியைத் தூக்கிக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போய்ப் படிக்கலாம் என்று இன்றைக்கே பெரியம்மாவோடு கதைத்து வையுங்கள். இது கனவு போல அழகாக இருக்காது, ஆனால் பிள்ளை படிப்பாள்.

இனிக் கடன். இதைப் பற்றிக் கதைக்காமல் மனத்தைப் பற்றி மட்டும் கதைப்பது உங்களுக்குச் செய்யும் அநியாயம். உங்கள் கவலையில் பாதி நோயல்ல, கணக்கு. ஒரு கொப்பியை எடுங்கள். யாருக்கு, எவ்வளவு எடுத்தது, இதுவரை எவ்வளவு கட்டியது, இன்னும் எவ்வளவு, என்ன வட்டி, எந்தக் கிழமை என்று எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். கடனில் மூழ்கிய பெண்கள் பலருக்கு மொத்தத் தொகை தெரியாது. தெரிந்தால் நெஞ்சு வெடித்துவிடும் என்ற பயத்தில் கூட்டிப் பார்ப்பதில்லை. நான் கூட இருந்து கூட்டிப் பார்த்த ஒவ்வொரு தடவையும், தொகையைக் கண்டபிறகு அந்தப் பெண் ஒரு பெருமூச்சு விடுவதைப் பார்த்திருக்கிறேன். இருட்டில் நின்ற உருவம் வெளிச்சத்துக்கு வந்தால் அது பெரியதாகவே இருக்கட்டும், அதற்கு ஒரு ஓரம் தெரியும்.

பழைய கடனைக் கட்டப் புதுக் கடன் வேண்டாம், ஆர் வாசலில் வந்து நின்றாலும். கிழமைக்கடன்காரர் வரும்போது ஒளிக்காதீர்கள். கொப்பியோடு அவர்களின் அலுவலகத்துக்குப் போய், கட்டும் தொகையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தரும்படி எழுத்தில் கேளுங்கள், பிரதி ஒன்றைக் கையில் வைத்திருங்கள். தனியே போகாதீர்கள். பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார், உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறார், இரண்டு பேரையும் போய்ப் பாருங்கள். வலை அறுந்ததைப் பொலிசிலும் கடற்றொழில் திணைக்களத்திலும் சங்கத்திலும் பதிந்தீர்களா? கடிதத்தில் இல்லை. பதிந்திருக்காவிட்டால் பிந்தினாலும் போய்க் கேளுங்கள். நட்டஈடு வரும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன். ஆனால் நடந்த அநியாயம் ஒரு கடதாசியில் இருக்க வேண்டும்.

இரவு நித்திரை. எங்கள் சனம் மனநோ என்று சொல்லாது, 'ஒரே யோசினை' என்று சொல்லும். வேலை தொடங்கிய புதிதில் நான் அதைச் சாதாரணச் சொல் என்று நினைத்துக் கடந்துபோனேன். பிறகுதான் விளங்கியது, அந்த ஒரு சொல்லுக்குள் பயமும் பசியின்மையும் நெஞ்சிடியும் சாவு நினைப்பும் எல்லாம் அடங்கியிருக்கின்றன என்று. ஆபிரிக்காவில் சிம்பாப்வே நாட்டில் ஷோனா மொழி பேசும் சனமும் இப்படித்தான் சொல்கிறது: குஃபுங்கிசிசா, அதாவது கனக்க யோசிக்கிறது. அங்கே டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006 இல் பதினான்கு பாட்டிமாரைப் பயிற்றி, கிளினிக் வளவில் மரத்தடி வாங்கில் உட்காரவைத்தார். யோசினைக்காரர் வந்து பாட்டியின் பக்கத்தில் இருக்க வேண்டும். பாட்டி முதலில் கேட்பா. பிறகு இருக்கிற பிரச்சினைகளில் ஒன்றை மட்டும் தெரிவுசெய்யச் சொல்லுவா. அதற்கு என்ன செய்யலாம் என்று இருவரும் யோசித்து, ஒன்றைச் செய்துவிட்டு அடுத்தமுறை வரச் சொல்லுவா. அவ்வளவுதான். 2016 இல் வெளிவந்த ஆய்வில், ஆறு மாதத்துக்குப் பிறகு, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட இவர்களின் மனச்சோர்வு தெளிவாகக் குறைந்திருந்தது.

இதைப் படித்தபோது நான் அம்மம்மாவை நினைத்தேன். உங்களுக்கும் ஒரு வாங்கு தேவை. மீன் விற்கப் போகும் பெண்களில், கோயிலடியில், பெரியம்மாவில், யாரோ ஒருவர் இருப்பார். அறிவுரை சொல்லாமல் கேட்கத் தெரிந்தவராகத் தேடுங்கள். கிழமையில் ஒருநாள், ஒரு மணித்தியாலம், ஒரே ஒரு பிரச்சினை.

மற்ற நேரம் யோசினை வந்தால் அதைத் துரத்தாதீர்கள், துரத்தினால் இன்னும் வரும். 1980களில் தோமஸ் பொர்கோவெக் என்ற ஆய்வாளர் சோதித்துப் பார்த்த ஒரு எளிய முறை உண்டு. கவலைப்படுவதற்கென்றே நாளில் ஒரு நேரத்தை ஒதுக்குவது. பின்னேரம் விளக்கு வைக்க முன்னம் அரைமணித்தியாலம் என்று வையுங்கள். ஒரே இடத்தில் இருங்கள், படுக்கையில் வேண்டாம். இரவு இரண்டு மணிக்கு யோசினை வந்தால் கொப்பியில் ஒரு வரி எழுதி, 'நாளைக்குப் பின்னேரம் உன்னைப் பார்க்கிறேன்' என்று விட்டுவிடுங்கள். முதல் கிழமை சரிவராது. மூன்றாம் கிழமை வித்தியாசம் தெரியும். வீட்டுக்கு ஒரு சின்னப் பிள்ளை வந்து அழுதால் 'பொறு, வாறன்' என்று சொல்லிவிட்டு உண்மையாகவே போனால் அது பொறுக்கப் பழகும். மனமும் அப்படித்தான்.

கணவரைப் பற்றி நீங்கள் கோபமாக இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள். கோபம் நியாயம். ஆனால் கடலுக்குப் போன மனிதன் கரையில் குந்தியிருப்பது எவ்வளவு பெரிய அவமானம் என்று உங்களுக்கு என்னைவிடத் தெரியும். வெறியில் இருக்கும்போது ஒன்றும் கதைக்காதீர்கள். விடிய, தேத்தண்ணீரோடு, வலை போன அந்த இரவைப் பற்றிக் கேளுங்கள். கடலில் அவர் என்ன கண்டார், என்ன நினைத்தார் என்று. நான் நினைக்கிறேன், அதை அவரிடம் இன்னும் யாரும் கேட்கவில்லை. அவர் கை நீட்டுகிறவராக இருந்தால் மட்டும் கதை வேறு. அப்படியென்றால் பொறுத்திருக்கச் சொல்லமாட்டேன், பிரதேச செயலகத்தில் அதையும் சொல்லுங்கள்.

'ஒரு பொல்லாப்புமில்லை' என்று உங்கள் மாமி சொல்லிக்கொண்டிருக்கிறா என்றும், அதைக் கேட்டால் எரிச்சல் வருகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். நல்லூர்த் தேரடியில் இருந்த செல்லப்பா சுவாமியும், அவர் வழியில் 1964 வரை எங்களோடு வாழ்ந்த யோகர் சுவாமியும் சொன்ன வாக்கு அது. என் வீட்டிலும் அது ஒரு சட்டத்தில் தொங்குகிறது. ஆனால் அடுத்தவர் அழும்போது அவர் வாயை மூட அதைச் சொல்லக்கூடாது என்பது என் அபிப்பிராயம். அது தனக்குத்தானே, மூச்சு விட்டு, தனிமையில் சொல்லிக்கொள்ளும் வாக்கு. மாமி தன் பயத்தில் தனக்காகச் சொல்லுகிறா என்று எடுங்கள், எரிச்சல் கொஞ்சம் குறையும். செல்வச்சந்நிதி கோயிலுக்கு ஒரு வெள்ளிக்கிழமை போய் அன்னதான மடத்தில் இரண்டு மணித்தியாலம் மரக்கறி வெட்டிக் கொடுத்துவிட்டு வாருங்கள். வாங்குகிற கையாகவே எட்டு மாதம் இருந்த உங்களுக்கு, கொடுக்கிற கையாக ஒருநாள் இருப்பது நல்லது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இரண்டு கிழமைக்கு மேல் நித்திரையும் சாப்பாடும் தொடர்ந்து இல்லாமல் போனால், பிள்ளைகளின் முகம் பார்த்தும் ஒன்றும் தோன்றாமல் இருந்தால், செத்தால் நல்லம் என்ற நினைப்பு வந்தால், அது என் கடிதத்தால் தீரும் விஷயமில்லை. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு தேவையில்லை. 1926 என்ற இலக்கம் தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம், இரவிலும் எடுக்கலாம். பாரிசவாதத்துக்கு அம்மாவை எப்படிக் கூட்டிக்கொண்டு போனீர்களோ அப்படியே நீங்களும் போக வேண்டும். சனம் கதைக்கும் என்று பார்க்காதீர்கள். உங்கள் கணவருக்கும் இதே சொல்தான்.

கடைசியாக அந்தப் பனங்கொட்டை.

இப்போது ஐப்பசி பிறந்து மழை தொடங்கிவிட்டது. பிந்திப்போகவில்லை. உங்கள் பக்கம் மணல் தரை, கிழங்குக்கு அதைவிட நல்ல நிலம் கிடையாது. கொட்டையை நீங்கள் தனியே தூக்க வேண்டாம், சின்னவனை வாளியோடு கூப்பிடுங்கள். மண்ணைப் பொலபொலவென்று உங்கள் முழங்கால் உயரத்துக்குக் குவித்துப் பாத்தி கட்டுங்கள், அப்போதுதான் கிழங்கு முறியாமல் கிண்டலாம். கொட்டைகளை இடைவெளி விடாமல் நெருக்கி அடுக்கி, மேலே கொஞ்சம் மண் தூவி, காவோலை போட்டு விடுங்கள். முழுக் குவியலும் வேண்டாம். முதல் நாள் ஒரு வரிசை போதும். அவர் வந்து பார்த்தால் பார்க்கட்டும், உதவிக்குக் கேளுங்கள், வராவிட்டால் விடுங்கள்.

கன நாளைக்கு மேலே ஒன்றும் தெரியாது. சின்னவன் தினமும் வந்து தோண்டிப் பார்க்கக் கேட்பான், விடாதீர்கள். முளை கீழே இறங்கிக்கொண்டிருக்கும். தை கடைசியில், மாசியில் கிண்டலாம். வலை போய் அப்போது ஒரு வருடம். முதல் கிழங்கை அவித்து அம்மாவுக்கு மசித்துக் கொடுங்கள். மிச்சத்தை அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல், பச்சையாய்ப் பிளந்து காயவிட்டால் ஒடியல், கூழுக்கு மா ஆகும். கொஞ்சத்தைக் கட்டாகக் கட்டிச் சந்தைக்குக் கொடுங்கள், கொப்பியில் எழுதுங்கள். எத்தனை கொட்டை போட்டீர்கள், எத்தனை கிழங்கு வந்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதிவிடுங்கள். நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.